மொட்டை மாடியில் சைன் பார்

அம்பத்தூர் ஓ.டி.யில் எங்கள் வீட்டு மொட்டை மாடியில் 1986-ல் கீற்றுக் கொட்டகை போட்டு பிளஸ் டூ கணக்கு டியூஷன் ஆரம்பித்தேன். காலை ஐந்தரைக்கு வகுப்பு. ஒருநாள் sin-ன் வகைக்கெழு cos என்று பலகையில் எழுதிக்கொண்டிருந்தபோது, நைட் ஷிஃப்ட் முடிந்து வந்த அப்பா படியிலேயே நின்றுவிட்டார். அம்பத்தூர் இண்டஸ்ட்ரியல் எஸ்டேட்டில் டூல் ரூம் ஃபிட்டர் அவர்.

"45 டிகிரிக்கு மேல சைன் பார் வைக்காதேன்னு சொல்வாங்களே, அது இதனாலதானாடா?"

பாடத்தை நிறுத்திவிட்டு அங்கேயே போட்டுப் பார்த்தோம். கோணம் அமைக்கும் 100 மி.மீ. சைன் பாரின் ஒரு முனைக்கு அடியில் ஸ்லிப் கேஜ் கட்டைகளை அடுக்கினால் உயரம் 100 sin θ. அந்த உயரத்தில் 0.01 மி.மீ. பிசகினால் கோணம் எவ்வளவு பிசகும்? 0.01-ஐ 100 cos θ-வால் வகுக்க வேண்டும். விடை ரேடியனில் வரும். கோண விநாடியாக மாற்றினால், 30 டிகிரியில் அது சுமார் 24 விநாடி, 60-ல் 41, 75-ல் 80. இருபது வருஷமாகக் கையால் கடைப்பிடித்த விதியை அப்பா பலகையில் பார்த்துக்கொண்டே நின்றார். சாப்பிடக் கூப்பிட்டும் இறங்கவில்லை.

இந்தப் பக்கத்துப் பிள்ளைகளுக்கு அளவு வீட்டுச் சொத்து. 1949-ல் தொடங்கிய டி.ஐ. சைக்கிள்ஸ், 1961-ல் ஆவடிக்கு வந்த டேங்க் ஃபேக்டரி, அறுபதுகளில் எழுந்த அம்பத்தூர் எஸ்டேட் எல்லாம் மைக்ரோமீட்டர் பிடித்த அப்பாக்களைத் தந்தன. 1978-ல் பிளஸ் டூ வந்தது. பி.யு.சி. போய், நுண்கணிதம் பள்ளிக்கூடத்துப் பாடமானது. 1984-ல் தொழிற்படிப்புக்கான நுழைவுத் தேர்வும் சேர, டர்னர் வீட்டிலும் இன்ஜினியர் கனவு வந்தது. பூந்தமல்லியிலிருந்துகூட முதல் பஸ் பிடித்து வந்தார்கள்.

நுழைவுத் தேர்வு நல்லது செய்ததாக என்னால் சொல்ல முடியவில்லை. நாலு விடையில் ஒன்றைக் குறிக்கத்தான் பழக்கினோம். 2007-ல் அது போனபோது நிம்மதியாக இருந்தது.

பத்து மார்க் வகைக்கெழுச் சமன்பாட்டுக் கணக்குகள் மட்டும் அப்போதும் என்னைக் காப்பாற்றின. 2005 பாடப்புத்தகத்தில் பிணப் பரிசோதனைக் கணக்கு ஒன்று உண்டு. காலை 10 மணிக்கு உடல் வெப்பம் 93.4 டிகிரி ஃபாரன்ஹீட், இரண்டு மணி நேரம் கழித்து 91.4, அறை 72. உயிரோடிருந்தபோது 98.6 என்று கொண்டால், இறந்தது எப்போது? ஏறத்தாழ 5.34. ஆறுகிற வேகம், அறையைவிட எவ்வளவு சூடு கூடுதலோ அதைப் பொறுத்தது. இந்த ஒரு வாக்கியம் பிடிபட்ட பிள்ளைக்கு மடக்கை தானாக வந்து விழும். அது பிடிபடாமல் படிகளை மனப்பாடம் செய்தவர்கள், அறை வெப்பத்தைக் கழிக்க மறந்துவிட்டுத் திகைப்பார்கள்.

அப்பா இப்போது இல்லை. அவருடைய சைன் பார் என் மேஜையில் இருக்கிறது, எண்ணெய் தடவிய துணியில் சுற்றி. போன வருஷம் sin-ன் வகைக்கெழுப் பாடத்தன்று, "90 டிகிரியில என்ன ஆகும் சார்?" என்று கேட்டாள் ஒரு பெண். cos 90 பூச்சியம் என்று சொல்ல வாயெடுத்து, நிறுத்திக்கொண்டு, பாரை அவள் கையில் கொடுத்தேன். செங்குத்தாக நிறுத்தி, இப்படியும் அப்படியுமாக லேசாகச் சாய்த்துப் பார்த்தாள்.

"கோணம் மாறுது, உயரம் மாறவே மாட்டேங்குது சார்!"