வாய் சொன்னதும் கை எழுதியதும்

படிவம் நான்கு மாணவன் ஒருவன் 'எனக்குப் பிடித்த விளையாட்டாளர்' என்ற கட்டுரையில் ஐஸ் ஹாக்கி வீரர் ஒருவரைப் பற்றி எழுதியிருந்தான். யோங் பெங் வெயிலில் உட்கார்ந்துகொண்டு பனி விளையாட்டு! காற்பந்து வீரர்களையே திருத்திச் சலித்துப்போன எனக்கு அதுவே மகிழ்ச்சி. ஆனால் வீரரின் பெயரை 'அவேச்கின்' என்று எழுதியிருந்தான். ஆங்கிலத்தில் முதலெழுத்து 'ஓ' ஆயிற்றே என்று சிவப்பு மையில் வட்டம் போட்டு 'ஒவெச்கின்' எனத் திருத்தினேன். "டீச்சர், ரஷ்யக்காரங்க அப்படித்தான் சொல்றாங்க, நான் கேட்டேன்" என்றான்.

தேடிப் பார்த்தேன். பையன் சொன்னதுதான் சரி. ரஷ்ய மொழியில் அழுத்தம் விழாத 'ஒ' ஏறக்குறைய 'அ' போல ஒலிக்கும். எழுதுவது ஒன்று, சொல்வது ஒன்று. ஆங்கிலத்தில் எழுதியவர்கள் எழுத்துக்கு எழுத்து மாற்றினார்கள், ஒலி நின்றுபோனது. டெட்ராய்ட் குழுவில் ஆடிப் புகழ்பெற்ற செர்கெய் ஃபெடரோவ் கதை இன்னும் வேடிக்கை. அவர் பெயரில் வரும் எழுத்தின் மேல் இரண்டு புள்ளி உண்டு. புள்ளி இருந்தால் 'யோ', இல்லாவிட்டால் 'யெ'. ரஷ்ய அச்சில் அந்தப் புள்ளிகளைப் பெரும்பாலும் போடுவதில்லை. ரஷ்யர்களுக்குத் தெரியும், மற்றவர்களுக்குத் தெரியாது. அதனால் ஃபியோதரவ் உலகத்துக்கு ஃபெடரோவ் ஆனார். நாம் வரலாற்றுப் பாடத்தில் எழுதும் குருசேவ், கோர்பசேவ் இரண்டிலும் இதே புள்ளிதான் தொலைந்தது. இரண்டுமே 'சோவ்' என்று முடிய வேண்டியவை. இது போதாதென்று சோவியத் கடவுச்சீட்டுகளில் பெயர்களைப் பிரெஞ்சு வழக்கப்படி எழுதினார்கள். அதில் செர்கெய்க்கு நடுவில் ஒரு 'யு' கூடுதல்.

இதைப் படித்தபோது நம் தோட்டத்துப் பெயர்கள் நினைவுக்கு வந்தன. நமக்கு நடந்தது நேர்மாறு.

மலாயாவுக்கு வந்த தமிழ்த் தொழிலாளர்களில் பெரும்பாலோர் தங்கள் பெயரைத் தாங்களே ரோமன் எழுத்தில் எழுதியவர்கள் அல்லர். செக்ரோலில் எழுதியவர் கிராணி. கிராணிகளில் பலர் யாழ்ப்பாணத் தமிழர், மலையாளிகள். தொழிலாளி வாயால் சொன்னார், கிராணி காதால் கேட்டு எழுதினார். 1948-இல் அவசரகாலம் பிறந்து அடையாள அட்டை வந்தபோது, காதில் விழுந்தது சட்டப்படியான பெயராகவே நின்றுவிட்டது. ஆக, ரஷ்யருக்கு எழுத்து பிழைத்து ஒலி போனது. நமக்கு ஒலி பிழைத்து எழுத்து போனது.

சான்றுக்கு லெட்சுமியை எடுத்துக்கொள்வோம். ஏட்டில் இலட்சுமி அல்லது இலக்குமி. அடையாள அட்டையில் 'எல்' எழுத்துக்குப் பின் 'இ' வரும், 'ஏ' வராது. கிராணிக்குத் தமிழ் தெரியாமல் வந்த தவறு என்று பலர் சொல்லக் கேட்டிருக்கிறேன். எனக்கு உடன்பாடில்லை. நம் ஆத்தாமார் 'லெட்சுமி' என்றுதானே கூப்பிட்டார்கள்? வடமொழியிலிருந்து வந்த சொற்களில் முதலெழுத்தின் அகரம் பேச்சில் எகரமாவது தமிழில் பழகிய வழக்கு: கங்கை கெங்கை, ஜகன் ஜெகன், ரங்கசாமி ரெங்கசாமி, ரத்தினம் ரெத்தினம், பலம் பெலம். தேர்வு மாணவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். கடல் 'கெடல்' ஆவதில்லை, பழம் 'பெழம்' ஆவதில்லை. முதலொலி அதிர்ந்து வரும் சொல்லிலும், ர, ல முதலில் வரும் சொல்லிலும்தான் இந்த மாற்றம்.

நாட்டுக்காக ஓடியவர்கள், ஆடியவர்கள் பெயரிலும் இதைப் பார்க்கலாம். 1966 பேங்காக் ஆசிய விளையாட்டில் மூன்று தங்கம் வென்ற டாக்டர் ஜெகதீசன் பெயரில் 'ஜே'க்குப் பின் 'இ'. தகரத்துக்கு 'டி எச்', அதுவும் நம் வழக்கு. தமிழ்நாட்டில் இதே பெயரைப் பலர் 'ஏ' போட்டும் தனி 'டி' போட்டும் எழுதுவார்கள். 'ஸ்பைடர்மேன்' என்று ரசிகர்கள் கொண்டாடிய கோல் காவலர் ஆறுமுகத்தின் தந்தை பெயர் ரெங்கசாமி. அதையும் 'ஆர், இ' என்றே எழுதுகிறார்கள். 1980 மாஸ்கோ ஒலிம்பிக்குக்கு நம் காற்பந்துக் குழு தகுதி பெற்றும் நாடு புறக்கணித்ததால் அவர் போகவில்லை. போயிருந்தால் ரஷ்ய எழுத்தில் ஆறுமுகம் எப்படி ஏறியிருப்பார் என்று நினைத்துப் பார்ப்பேன்.

ழகரமும் சுவையானது. பழைய பதிவுகளில் பழனிக்கு வெறும் 'எல்'. இப்போது 'இசட் எச்' போடுவது பெருகிவருகிறது. ஆனால் ஆங்கிலத்தில் ரஷ்யப் பெயர்களை எழுதும்போது அந்த இரட்டை எழுத்துக்கு வேறு வேலை. பிரெஞ்சு 'ஜெ' போன்ற ஓர் ஒலி. கனிமொழியை ஒரு ரஷ்யர் எப்படிப் படிப்பாரோ! சென்னைப் பல்கலைக்கழகத் தமிழ்ப் பேரகராதி ழகரத்துக்கு 'எல்' எழுத்தின் அடியில் கோடு போட்டது. கோட்டை எந்தத் தட்டச்சு இயந்திரம் அடிக்கும்? கோடு போக மிஞ்சியது பழைய பதிவின் அதே 'எல்'.

நம் ஊர்ப் பெயரும் இப்படித்தான். சீனத்தில் நிலையான அமைதி என்று பொருள். இன்றைய பின்யின் முறையில் யோங்பிங். அறிவிப்புப் பலகையில் பெங்தான், அதை யாரும் திருத்தப் போவதில்லை.

ஆசிரியர்களுக்கு இதில் ஒரு வேலை இருக்கிறது. பெயர்ப் பட்டியல் நம் கைக்கு ரோமன் எழுத்தில்தான் வருகிறது. நாம் அதைத் தமிழாக்கும்போது இன்னொரு கிராணி ஆகிறோம். வள்ளியா வல்லியா, கலாவா களாவா என்று பட்டியல் சொல்லாது. பொதுச்சொல்லாக வரும் ரத்தினத்துக்கு அகராதியைப் பார்ப்பேன். ஆள் பெயர் என்றால் வீட்டில் கேட்க வேண்டும் என்பது என் கருத்து.

இதை நானும் தாமதமாகத்தான் கற்றேன். ஹாக்கிக் கட்டுரை எழுதிய அதே மாணவனுக்கு ஆண்டிறுதியில் ஒரு பரிசு. சான்றிதழில் தந்தை பெயரை 'இரத்தினம்' என்று அழகாக அச்சடித்திருந்தேன். "எங்க அப்பா ரெத்தினம்னுதான் கையெழுத்து போடுவாரு டீச்சர், தமிழ்லயும்" என்றான். மறுநாள் வேறு அச்சடித்துக் கொடுத்தேன். கட்டுரையில் அவேச்கின்மேல் போட்ட வட்டத்தையும் அடித்துவிட்டேன். ஒற்றுப்பிழைக்குப் போட்ட பதினோரு வட்டம் மட்டும் அப்படியே இருக்கிறது.