தமிழ் வரலாற்றுப் புதினங்களில் துணிச்சல்மிக்க இளநாயகியர்

தமிழ் வரலாற்றுப் புதினங்களில் அரியணையில் அமர்பவர்கள் ஆண்கள். கதையை நடத்திச் செல்பவர்கள் பெரும்பாலும் இளம்பெண்கள். படகு வலிப்பது, சபதம் செய்வது, ஓலை கொண்டுபோவது, அரசனிடமே மறுத்துப் பேசுவது என்று அவர்கள் செய்யும் காரியங்களுக்காகவே இவ்வகை நூல்களைத் திரும்பத் திரும்பப் படித்தவர்கள் உண்டு.

தோற்றம்

இந்நாயகியரின் மூதாதையர் புதினத்துக்கு முந்தியவர்கள். திருவிளையாடற் புராணத்துத் தடாதகைப் பிராட்டி முடிசூடித் திக்கு விசயம் செய்தவள். அல்லி அரசாணி மாலையில் அல்லி மதுரையைத் தனியே ஆள்கிறாள். அருச்சுனனே சூழ்ச்சி செய்துதான் அவளை மணக்க முடிகிறது. பெரிய எழுத்துப் பதிப்புகளாகச் சந்தைகளிலும் திருவிழாக்களிலும் விற்ற இத்தகைய கதைப்பாடல்கள் எழுத்தறியாத பெண்களுக்கும் வாய்மொழியாகப் போய்ச் சேர்ந்தன. மாயூரம் வேதநாயகம் பிள்ளையின் பிரதாப முதலியார் சரித்திரத்தில் (1879) ஞானாம்பாள் ஆணுடை பூண்டு விக்கிரமபுரியை ஆள்வது இந்த மரபின் உரைநடைத் தொடர்ச்சியே. அது வரலாற்றுப் புதினம் அல்ல. ஆனால் தமிழ் நாவலின் முதல் நாயகியே ஆட்சி நடத்தத் தெரிந்தவள் என்பதை மறக்கலாகாது.

தமிழின் முதல் வரலாற்றுப் புதினமான மோகனாங்கி (1895) நாயகியின் பெயரையே தலைப்பாகக் கொண்டது. எழுதியவர் திருகோணமலையில் பிறந்து சென்னையில் கல்வி கற்ற த. சரவணமுத்துப் பிள்ளை. மதுரைச் சொக்கநாத நாயக்கரும் தஞ்சை இளவரசி மோகனாங்கியும் கதையின் தலைமக்கள். வரலாற்றில் சொக்கநாதர் தஞ்சை இளவரசியைப் பெண்கேட்டது போரில் முடிந்தது. 1673-இல் தஞ்சை வீழ்ந்தது. விசயராகவ நாயக்கர் மாண்டார். போருக்குக் காரணமாக மட்டும் வந்துபோகும் ஓர் இளவரசியை நாயகியாக்கி அவள் மனத்தை எழுத முனைந்தார் சரவணமுத்துப் பிள்ளை. அவருக்கு இது திடீரென்று தோன்றிய எண்ணம் அல்ல. 1892-இலேயே பெண்விடுதலையைப் பொருளாக வைத்துத் தத்தை விடு தூது பாடியவர் அவர்.

கல்கியின் பெண்கள்

இவ்வகையைப் பெருவாசகரிடம் கொண்டு சேர்த்தவர் கல்கி ரா. கிருஷ்ணமூர்த்தி. பார்த்திபன் கனவில் பல்லவச் சக்கரவர்த்தியின் மகள் குந்தவி, பகைநாட்டு இளவரசனுக்காகத் தந்தையிடமே வாதாடுகிறாள். சிவகாமியின் சபதத்தில் (1944–46) தான் சிறைப்பட்ட சாளுக்கியத் தலைநகர் வாதாபி எரியும்வரை அந்நகரை விட்டு வருவதில்லை என்று சிற்பியின் மகள் சிவகாமி உறுதி பூணுகிறாள்; ஒரு நாட்டியப் பெண்ணின் சொல்லுக்குப் பல்லவப் படையே கட்டுப்படுகிறது.

வாரத் தொடராக வந்த பொன்னியின் செல்வனில் (1950–54) எல்லோரையும் விஞ்சி நிற்பவள் பூங்குழலி. கோடிக்கரைக் கலங்கரை விளக்கக் காவலர் தியாகவிடங்கரின் மகள். நள்ளிரவில் கதைநாயகன் வந்தியத்தேவனை ஈழத்துக்குப் படகில் கொண்டுசேர்க்கிறாள். புயலில் சிக்கிய சோழ இளவரசர் அருள்மொழிவர்மரையும் அவனையும் கடலிலிருந்து மீட்கிறாள். சதுப்பு நிலத்துக் கொள்ளிவாய்ப் பிசாசுகளே தன் காதலர்கள் என்று சொல்லும் பெண் அதற்கு முன் தமிழ்ப் புதினத்தில் இல்லை. அரண்மனை வளர்ப்பான வானதி மயங்கி விழும் கதையில், இவள் சுழிக்காற்றுக்கும் அஞ்சாமல் துடுப்புப் போடுகிறாள்.

பூங்குழலி முழுக்க முழுக்கக் கற்பனை. அவளது விடுதலைக்குக் காரணமும் அதுவே. பின்னாளில் இராசராசனான அருள்மொழிவர்மரின் தமக்கை குந்தவையின் கைகளைக் கல்வெட்டு கட்டிவிடுகிறது. தஞ்சைப் பெரிய கோயிலில் இராசராசனின் 'அக்கன்' என்று அவள் அளித்த பொன்னும் திருமேனிகளும் கணக்காகப் பதிவாகியுள்ளன. அவள் கோபப்பட்டாளா, யாரை விரும்பினாள் என்று எந்தக் கல்லும் சொல்வதில்லை. மெய்க்கீர்த்திகள் அரசனின் வெற்றிகளைப் பாடுபவை. அரசியர் பெரும்பாலும் கொடையாளர்களாகவே கல்லில் ஏறினார்கள். அந்த வெற்றிடத்தில்தான் புதினக்காரர் படகுப் பெண்ணையும் பழுவூர் இளையராணி நந்தினியையும் இறக்கிவிட முடிந்தது. வாசகியரைப் பிடித்துவைத்ததும் இதுவே. அரசகுலத்தில் பிறக்காத ஒருத்தி, யார் அனுமதியும் கேளாமல் வரலாற்றின் நடுவே புகுந்து ஒரு பேரரசின் போக்கையே மாற்றிவிடுகிறாள். வாசல் தாண்டவும் துணை வேண்டியிருந்த வீட்டுப் பெண் ஒருத்திக்கு அந்த வாரத்து அத்தியாயம் எத்தனை பெரிய வெளியைக் காட்டியிருக்கும்!

வாரத் தொடர் என்ற வடிவமும் உதவியது. ஒவ்வொரு வாரமும் ஓர் ஆபத்தில் நிறுத்தியாக வேண்டும். அழுதுகொண்டு காத்திருக்கும் பெண்ணை வைத்து அதைச் செய்ய இயலாது. மணியத்தின் ஓவியங்கள் இந்த நாயகியருக்கு முகம் கொடுத்தன. தொடர்ப் பக்கங்களைக் கிழித்துச் சேர்த்துப் பைண்டு செய்துவைத்த வீடுகளில் பெண்குழந்தைகளுக்குப் பூங்குழலி, வானதி, குந்தவை என்று பெயரிட்டார்கள்.

இந்த விடுதலைக்கு ஓர் எல்லையும் இருந்தது. பூங்குழலி கடைசியில், அரசனாகும் சேந்தன் அமுதனை மணந்து சோழ அரசியாகிறாள். சிவகாமி ஏகாம்பரநாதருக்குத் தன்னை அர்ப்பணித்துக்கொள்கிறாள். கல்கி திறந்துவிட்ட கதவை அவரே மூடினார் என்றுதான் சொல்ல வேண்டும்.

கல்கிக்குப் பின்

சாண்டில்யனின் யவன ராணியும் கடல் புறாவின் மஞ்சளழகியும் அரசியல் அறிந்த பெண்கள். ஆனால் அவர்களின் அறிவைவிட அழகையே ஆசிரியர் அதிகம் எழுதினார். அகிலனின் வேங்கையின் மைந்தன் 1963-இல் சாகித்திய அக்காதெமி விருது பெற்றது. அதன் ஈழத்துப் பெண் ரோகிணி காதலுக்கும் தாய்நாட்டுக்கும் இடையில் உழல்பவள். விக்கிரமனின் நந்திபுரத்து நாயகி குந்தவையை மையத்துக்குக் கொண்டுவந்தது. பாலகுமாரனின் உடையார், இராசராசனின் தேவியருள் ஒருத்தியான பஞ்சவன்மாதேவிக்குப் பெரும்பங்கு அளித்தது.

இவ்வகைக் கதைகளின் ஈர்ப்பு அண்மைக் காலத்திலும் குறையவில்லை. சு. வெங்கடேசனின் வேள்பாரி ஆனந்த விகடனில் தொடராக வந்து புகழ்பெற்றது. பொன்னியின் செல்வன் மணிரத்னம் இயக்கத்தில் 2022, 2023 ஆண்டுகளில் இரு பாகத் திரைப்படமாக வெளியானது.