திவால் மனுவில் வீடு, வாகனப் பாதுகாப்பு (அமெரிக்க ஐக்கிய நாடுகள்)

அமெரிக்க ஐக்கிய நாடுகளில் கடனை அடைக்க வழியற்றுப்போன தனிமனிதர், தமிழ் வழக்கில் மஞ்சள் கடுதாசி கொடுத்தல் எனப்படும் திவால் மனுவைத் தாக்கல் செய்யும்போது, குடியிருக்கும் வீட்டையும் ஓட்டும் காரையும் இழக்காமல் வைத்துக்கொள்வதற்கு அந்நாட்டுச் சட்டம் சில ஏற்பாடுகளைச் செய்திருக்கிறது. திவால் குறித்துச் சட்டம் இயற்றும் அதிகாரத்தை அரசியலமைப்பு கூட்டாட்சி நாடாளுமன்றத்துக்கு அளித்துள்ளதால், மனுவும் கூட்டாட்சித் திவால் நீதிமன்றத்திலேயே பதிவாகிறது. இப்போதுள்ள சட்டம் 1978-இல் இயற்றப்பட்டு 1979 அக்டோபரில் நடைமுறைக்கு வந்தது. 2005-இல் செய்யப்பட்ட திருத்தம் கடனாளிக்கு இருந்த வசதிகளைக் கணிசமாகக் குறைத்தது.

தனிமனிதர் நாடும் வழிகள் பெரும்பாலும் இரண்டே. ‘சாப்டர் 7’ என்று வழங்கும் ஏழாம் அத்தியாயத்தின்படி, விலக்குப் பெறாத சொத்துகள் விற்கப்பட்டு, பணம் கடன் கொடுத்தவர்களிடையே பங்கிடப்படுகிறது. எஞ்சிய கடன்களில் பெரும்பாலானவை சில மாதங்களில் தள்ளுபடியாகின்றன. ‘சாப்டர் 13’ எனப்படும் பதின்மூன்றாம் அத்தியாயத்தில் சொத்து விற்கப்படுவதில்லை. நிலையான வருமானம் உடையவர் 3 முதல் 5 ஆண்டுகளுக்கு ஒரு திட்டப்படி மாதந்தோறும் பணம் கட்டுகிறார். முன்னதற்கு வருமான வரம்புச் சோதனை உண்டு. பின்னதற்குக் கடன் வரம்பு உண்டு.

மனு போட்டவரின் வீட்டுக்கு ஆபத்து இரண்டு திசைகளிலிருந்து வருகிறது. ஒருவர், வழக்கைக் கவனிக்க நியமிக்கப்படும் சொத்துப் பொறுப்பாளர். விற்றால் மற்றக் கடன்காரர்களுக்கு ஏதேனும் தேறுமா என்பதே அவர் பார்ப்பது. மற்றவர், வீட்டை ஈடாகப் பிடித்துக் கடன் கொடுத்த வங்கி. தவணை தவறாமல் வருகிறதா என்பதே அதன் கவலை. சட்டம் தரும் சொத்து விலக்கு முதலாமவரைத்தான் தடுக்குமே அன்றி வங்கியைத் தடுக்காது. இவ்விரண்டையும் பிரித்தறியாததே இத்துறையில் நிலவும் குழப்பங்களில் பாதிக்குக் காரணம் எனலாம்.

சொந்தப் பங்கும் விலக்கும்

வீட்டின் சந்தை மதிப்பிலிருந்து அதன்மீதுள்ள ஈட்டுக் கடன் பாக்கியைக் கழித்தால் மிஞ்சுவது உரிமையாளரின் சொந்தப் பங்கு. விலக்கு என்பது இந்தப் பங்குக்குத் தரப்படும் பாதுகாப்பே தவிர, வீட்டின் முழு மதிப்புக்குத் தரப்படுவதன்று. கூட்டாட்சிப் பட்டியலின்படி, 2025 ஏப்ரல் முதல் குடியிருப்பு வீட்டுக்கான விலக்கு 31,575 டாலர். கணவனும் மனைவியும் சேர்ந்து மனு செய்தால் இருவருக்குமாக 63,150 டாலர். இத்தொகைகள் விலைவாசிக்கு ஏற்ப மூன்றாண்டுக்கு ஒருமுறை திருத்தப்படுகின்றன. 3,00,000 டாலர் பெறும் வீட்டின்மீது 2,70,000 டாலர் கடன் நிற்குமானால், தனியாக மனு செய்பவரின் பங்கான 30,000 டாலர் முழுவதும் விலக்குக்குள் அடங்கிவிடுவதால் பொறுப்பாளர் அவ்வீட்டை விற்க முனையமாட்டார். அதே வீட்டுக்குக் கடனைக் கட்டிக் கட்டி 1,80,000 டாலராகக் குறைத்துவிட்ட ஒருவர் ஏழாம் அத்தியாயத்தில் மனு செய்தால், வீடு விற்கப்பட்டு, வங்கிக் கடனும் விற்பனைச் செலவும் போக விலக்குத் தொகை மட்டும் அவர் கைக்கு வரும். மீதி மற்றவர்களுக்குப் போகும். ஒழுங்காகக் கடனைக் கட்டியவருக்கே ஆபத்து அதிகம் என்பது இச்சட்டத்தின் விசித்திரங்களுள் ஒன்று.

கூட்டாட்சிப் பட்டியலை விலக்கிவைத்துத் தன் பட்டியலையே கட்டாயமாக்கும் உரிமை ஒவ்வொரு மாநிலத்துக்கும் உண்டு. பெரும்பாலான மாநிலங்கள் அவ்வாறே செய்துள்ளன. இதனால் ஒரே நிலையிலுள்ள இரு கடனாளிகளின் கதி, அவர்கள் வாழும் மாநிலத்தைப் பொறுத்து மலைக்கும் மடுவுக்குமாக வேறுபடுகிறது. டெக்சாஸிலும் புளோரிடாவிலும் வீட்டின் மதிப்புக்கு உச்சவரம்பே இல்லை, நிலப்பரப்புக்குத்தான் வரம்பு. டெக்சாஸ் நகர்ப்புறத்தில் 10 ஏக்கர் வரையும், நாட்டுப்புறத்தில் குடும்பத்துக்கு 200 ஏக்கர் வரையும் காக்கப்படுகின்றன. புளோரிடாவில் நகராட்சிக்குள் அரை ஏக்கர், வெளியே 160 ஏக்கர். இதற்கு மாறாக நியூ ஜெர்சியின் மாநிலச் சட்டத்தில் வீட்டுக்கென்று தனி விலக்கே இல்லை. அங்குள்ளவர்கள் கூட்டாட்சிப் பட்டியலைத் தெரிவு செய்துகொள்ளலாம் என்பதே ஆறுதல்.

டெக்சாஸின் தாராளத்துக்கு ஒரு வரலாறு உண்டு. 1837-இல் அமெரிக்க வங்கிகள் நொடித்ததைத் தொடர்ந்து, கடன்பட்ட குடும்பங்கள் பல அப்போது தனிக் குடியரசாக இருந்த டெக்சாஸுக்குக் குடிபெயர்ந்தன. 1839-இல் அக்குடியரசு, குடும்பத்துக்கு 50 ஏக்கர் நிலத்தையோ நகர மனையோடு கூடிய வீட்டையோ கடன்காரர்கள் கைப்பற்றக் கூடாது என்று சட்டமியற்றியது. குடியேறுவோரை ஈர்ப்பதற்காகப் பிறந்த இந்த ஏற்பாடு பின்னர் மற்ற மாநிலங்களுக்கும் பரவியது.

வரம்பற்ற விலக்கு செல்வர்களுக்கும் கதவைத் திறந்தது. வழக்குகளில் தோற்றுப் பெருந்தொகை கட்ட வேண்டிய நிலையிலிருந்தவர்கள் கைப்பணத்தைப் புளோரிடாவில் மாளிகையாக மாற்றிவிட்டுத் திவால் மனு போட்ட நிகழ்வுகள் கண்டனத்துக்குள்ளாயின. 2005-இன் திருத்தம் இதற்கு இரு தாழ்ப்பாள்களைப் போட்டது. மனுவுக்கு முந்தைய 730 நாட்களும் ஒரே மாநிலத்தில் வசிக்காதவருக்கு, பொதுவாக அவர் அதற்கு முன் வசித்த மாநிலத்தின் சட்டமே பொருந்தும். மனுவுக்கு முந்தைய 1,215 நாட்களுக்குள் வாங்கிய வீடானால், மாநிலச் சட்டம் எவ்வளவு தாராளமாக இருந்தாலும் விலக்கு 2,14,000 டாலரைத் தாண்டாது. அதே மாநிலத்திலிருந்த பழைய வீட்டை விற்று, அந்தப் பணத்தைப் புதியதில் போட்டவருக்கு இதிலிருந்து விதிவிலக்கு உண்டு.

வங்கியின் ஈட்டுரிமை

திவால் தீர்ப்பு கடனாளியின் மேலுள்ள பொறுப்பைத்தான் நீக்குகிறது. சொத்தின் மேலுள்ள ஈட்டுரிமையை நீக்குவதில்லை. 1886-இலேயே உச்ச நீதிமன்றம் உறுதிசெய்த இந்த விதியின்படி, வழக்கு முடிந்தபின் வங்கி கடனாளியின் சம்பளத்தைத் தொட முடியாது. ஆனால் தவணை வராவிட்டால் வீட்டை ஏலத்துக்குக் கொண்டுவரலாம்.

மனு பதிவான கணமே எல்லா வசூல் நடவடிக்கைகளுக்கும் தானாகவே ஒரு தடை விழுகிறது. மறுநாள் காலை நடக்கவிருந்த ஏலம்கூட இதனால் நின்றுபோகும். எனினும் இது மூச்சுவிடும் அவகாசமே. வங்கி நீதிமன்றத்தை அணுகித் தடையை நீக்கிக்கொள்ளலாம். ஓராண்டுக்குள் முந்தைய மனு தள்ளுபடியாகியிருந்தால், இரண்டாம் மனுவின் தடை நீதிமன்றம் நீட்டித்தாலன்றி 30 நாட்களோடு முடிந்துவிடும். ஏழாம் அத்தியாயத்தில் நிலுவைத் தவணைகளைத் தீர்க்க எந்த வழியும் இல்லை. ஆகவே தவணை பாக்கி விழுந்தவர் நாட வேண்டியது பதின்மூன்றாம் அத்தியாயமே. 18,000 டாலர் நிலுவை வைத்திருப்பவர் அதை 60 மாதங்களுக்குப் பகிர்ந்து மாதம் 300 டாலராகக் கட்டலாம். அதற்குமேல் நடப்புத் தவணையையும், பொறுப்பாளரின் கழிவையும் சேர்த்துக் கட்ட வேண்டும். நடப்புத் தவணையையே கட்டத் திணறுபவருக்கு இத்திட்டம் பயன்படாது. ஏலத்தில் வீடு விற்றுப்போவதற்கு முன்பே மனு பதிவாகியிருக்க வேண்டும்.

குடியிருப்பு வீட்டின் கடனில் அசலையோ வட்டியையோ குறைக்க நீதிமன்றத்துக்கு அதிகாரமில்லை. வீட்டின் மதிப்பு கடனைவிடக் கீழே போய்விட்டாலும் இதுவே நிலை என்று 1993-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. எனினும், முதல் கடனே வீட்டின் முழு மதிப்பையும் விழுங்கிவிட்ட நிலையில், இரண்டாம் ஈட்டுக் கடனை ஈடற்ற கடனாகத் தாழ்த்திப் பதின்மூன்றாம் அத்தியாயத்தில் பெரும்பாலான நீதிமன்றங்கள் நீக்க அனுமதிக்கின்றன. ஏழாம் அத்தியாயத்தில் அது இயலாது என்பது 2015-இல் முடிவாயிற்று.

சொந்தப் பங்கு விலக்கை மீறியவருக்கும் பதின்மூன்றாம் அத்தியாயம் உதவுகிறது. ஆனால் வீட்டை விற்றிருந்தால் கடன்காரர்களுக்குக் கிடைத்திருக்கக்கூடிய தொகைக்குக் குறையாமல் திட்டக் காலத்தில் அவர் கட்டியாக வேண்டும்.

வாகனம்

பொதுப் போக்குவரத்து குறைந்த ஊர்களில் கார் இல்லையென்றால் வேலைக்குப் போக முடியாது. வேலை இல்லையென்றால் கடன் கட்டும் திட்டமும் இல்லை. ஆயினும் சட்டம் வாகனத்துக்குத் தரும் விலக்கு சிறியது. கூட்டாட்சிப் பட்டியலில் அது ஒரு வாகனத்துக்கு 5,025 டாலர். இதனோடு எச்சொத்துக்கும் பயன்படுத்தத்தக்க பொது விலக்கான 1,675 டாலரையும், வீட்டு விலக்கில் பயன்படாத பகுதியில் 15,800 டாலர் வரையும் சேர்த்துக்கொள்ளலாம் என்பதால், வாடகை வீட்டில் இருப்பவர் கடன் தீர்ந்த 20,000 டாலர் காரைக்கூடக் காத்துக்கொள்ள முடிகிறது.

கடனுள்ள காரைப் பொறுத்தவரை, ஏழாம் அத்தியாய மனுதாரர் என்ன செய்யப்போகிறார் என்பதைப் பொதுவாக 30 நாட்களுக்குள் எழுத்தில் தெரிவிக்க வேண்டும். காரை ஒப்படைத்துவிட்டுக் கடனிலிருந்து விடுபடலாம். அல்லது காரின் இன்றைய சில்லறை விற்பனை மதிப்பை ஒரே தொகையாகக் கட்டி மீட்கலாம். 11,000 டாலர் கடன் நிற்கும் கார் 6,000 டாலரே பெறுமானால் 6,000 கட்டினால் போதும், ஆனால் திவாலானவரிடம் மொத்தத் தொகை இருப்பது அரிது. மூன்றாவது வழியான மறு உறுதி ஒப்பந்தத்தில் பழைய கடனை அப்படியே மீண்டும் ஏற்றுக்கொள்கிறார். பின்னாளில் தவணை தவறினால் காரும் போகும், விற்ற விலைக்கும் கடனுக்கும் இடையிலுள்ள பாக்கியும் அவர் தலையில் விழும் என்பதால், இதில் கையெழுத்திடுவதற்கு முன் நிதானம் தேவை. கடன் விடுவிப்புக்கு முன்போ, ஒப்பந்தம் நீதிமன்றத்தில் பதிவான 60 நாட்களுக்குள்ளோ, எது பிந்தியதோ அதுவரை இதை ரத்து செய்யலாம்.

வீட்டுக் கடனுக்கு மறுக்கப்படும் குறைப்பு, கார் கடனுக்குப் பதின்மூன்றாம் அத்தியாயத்தில் கிடைக்கிறது. கடனைக் காரின் மதிப்பளவுக்குக் குறைத்து, மிச்சத்தை ஈடற்ற கடன்களோடு சேர்த்துவிடலாம். ஆனால் சொந்தப் பயன்பாட்டுக்காக மனுவுக்கு முந்தைய 910 நாட்களுக்குள் கடனில் வாங்கிய காருக்கு இது செல்லாது. வட்டியை மட்டும் குறைத்துக்கொள்ளலாம். 2004-இன் உச்ச நீதிமன்றத் தீர்ப்புக்குப் பின், முதன்மை வட்டி வீதத்தோடு இடருக்காகச் சிறு கூடுதல் சேர்த்து வட்டியைக் கணக்கிடுவது வழக்கமாகியுள்ளது. மனுவுக்கு முன்பே பறிமுதலான வாகனத்தைத் திரும்பப் பெறுவது எளிதன்று. கட்டப்படாத அபராதங்களுக்காகச் சிகாகோ நகரம் பிடித்துவைத்த கார்கள் தொடர்பான வழக்கில், மனுவுக்குப் பின்னும் வெறுமனே பிடித்துவைத்திருப்பது சொத்தைத் தன் கட்டுப்பாட்டுக்குள் கொண்டுவரும் செயலைத் தடுக்கும் விதியை மீறியதாகாது என்று 2021-இல் தீர்ப்பாயிற்று.

சொத்தை மாற்றி எழுதுதல்

மனுவுக்கு முன் வீட்டையோ காரையோ சகோதரர் பெயருக்கோ பிள்ளை பெயருக்கோ எழுதிவைப்பது பெருந்தவறு. இரண்டாண்டுக்குள் நடந்த இத்தகைய மாற்றங்களைப் பொறுப்பாளர் ரத்து செய்யலாம். மாநிலச் சட்டங்களைக் கொண்டு அதற்கும் முந்தையவற்றைக்கூடத் தோண்டி எடுக்கலாம். கடன்காரர்களை ஏமாற்றும் நோக்கத்தோடு ஓராண்டுக்குள் மாற்றியது தெரிந்தால் கடன் விடுவிப்பே மறுக்கப்படலாம். சொத்தை மறைப்பது 5 ஆண்டு வரை சிறைக்குரிய குற்றமும் ஆகும். தாமாக மாற்றிக்கொடுத்து, பின்னர் பொறுப்பாளர் மீட்டெடுத்த சொத்துக்கு விலக்குக் கோரவும் முடியாது. பெயர் மாற்றாமல் விட்டிருந்தால் விலக்குக்குள்ளேயே அடங்கியிருக்கக்கூடிய வீட்டை, காப்பாற்றும் அவசரத்திலேயே சிலர் இழந்துவிடுகிறார்கள்.