ஏப்ரல் 10: பரங்கிமலையில் தொடங்கிய கோடு

பிரிட்டிஷ் வரலாற்றில் முக்கியமான தேதிகள்னு தேடினா, முதல்ல லண்டன்ல நடந்ததுதான் வரும். இன்னைக்கு நான் எடுத்திருக்கிற தேதி நம்ம ஏரியாவுல நடந்தது. 1802, ஏப்ரல் 10.

தாம்பரத்துல இருந்து பீச் போற ட்ரெயின்ல பரங்கிமலை ஸ்டேஷனை எத்தனையோ தடவை தாண்டியிருப்போம். அந்த மலைப் பக்கத்துலதான் வில்லியம் லாம்ப்டன்ங்கிற ராணுவ அதிகாரி அன்னைக்கு நிலத்தை அளக்க ஆரம்பிச்சார்.

எதுக்கு அளந்தாங்க? 1799 மே 4-ம் தேதி ஸ்ரீரங்கப்பட்டணத்துல திப்பு சுல்தான் கொல்லப்பட்டார். அந்தப் போர்ல லாம்ப்டனும் இருந்தார். கம்பெனிக்குப் பெரிய நிலப்பரப்பு கிடைச்சுது. சரியான மேப் இல்லை. மேப் இருந்தாத்தான் படையை நகர்த்த முடியும், ஒழுங்கா ஆள முடியும். லாம்ப்டனுக்கு இன்னொரு ஆசையும் உண்டு: பூமியோட வடிவத்தைத் துல்லியமா கண்டுபிடிக்கணும்.

முறை நம்ம ஸ்கூல்ல படிச்ச ட்ரிகனாமெட்ரிதான். முக்கோணத்துல ஒரு பக்கமும் கோணங்களும் தெரிஞ்சா, மத்த ரெண்டு பக்கத்தையும் கணக்குலயே போட்டுடலாம். ஆனா அந்த முதல் பக்கத்தைத் தரையில கையால அளந்தாகணும். அதுல தப்பு வந்தா, அதைத் தொட்டு வர்ற எல்லா முக்கோணமும் தப்பு.

அந்த முதல் கோடு, பரங்கிமலையில இருந்து கிட்டத்தட்ட நேர் தெற்கே, பெரும்பாக்கம் குன்று வரைக்கும். ஏழரை மைல், அதாவது சுமார் 12 கிலோமீட்டர். கையில இருந்தது 100 அடி எஃகுச் சங்கிலி. ஏறக்குறைய 400 தடவை அதை நீட்டி வெச்சாகணும். வெயில்ல உலோகம் நீளும். அதனால சங்கிலியை மரப்பெட்டிக்குள்ள வெச்சு, தெர்மாமீட்டர் பார்த்துப் பார்த்துக் கணக்கைத் திருத்தினாங்க. சென்னையோட ஏப்ரல், மே வெயில் எப்படின்னு நான் சொல்ல வேண்டியதில்லை.

இங்க தொடங்கின முக்கோண வேலை, அடுத்தடுத்து வந்தவங்க கையில இமயமலை வரைக்கும் போச்சு. உலகத்துலயே உயரமான சிகரத்தைக் கணக்குப் போட்டதுல முக்கியமானவர் வங்காளத்து ராதாநாத் சிக்தார். 1856-ல அறிவிச்ச உயரம் 29,002 அடி. சிகரத்துக்கு வெச்ச பேர், அதுக்கு முன்னாடி சர்வேயர் ஜெனரலா இருந்த ஜார்ஜ் எவரெஸ்ட் பேர்.

இங்கதான் எனக்கு உறுத்துது. எவரெஸ்டுக்குச் சிகரம். லாம்ப்டனுக்குப் பரங்கிமலை மேல சிலை. அந்த வெயில்ல சங்கிலியைத் தூக்கி, நீட்டி, மறுபடி தூக்கினவங்களுக்கு? கதையில அவங்க வெறும் ‘ஆட்கள்’. லாம்ப்டனோட திறமையைக் குறைச்சுச் சொல்லலை. ஆனா அந்தத் துல்லியம், அவங்க கை நடுங்காம இருந்ததுலயும் இருக்கு.

அடுத்த தடவை பரங்கிமலை ஏறினா, தெற்குப் பக்கம் திரும்பிப் பாருங்க. பள்ளிக்கரணை, அதுக்கு அந்தப் பக்கம் பெரும்பாக்கம், எங்க பார்த்தாலும் அபார்ட்மென்ட். அதுக்கெல்லாம் அடியில எங்கேயோ அந்தக் கோடு போகுது. ஏப்ரல் 10-ஐ அவங்க நாளாவும் நினைச்சுக்கலாம்.