கொழும்பு பார்த்தல்

எங்கள் பெற்றோர் தலைமுறையில் திருநெல்வேலியார் கொழும்பு பார்க்கப் போவதென்றால் இரண்டு குடும்பமாகச் சேர்ந்தே போவார்கள். 1956இல் ஓடத் தொடங்கிய யாழ்தேவி அதனை எளிதாக்கியது. தெகிவளையில் யானை நடனம், காலிமுகத்திடலில் கடற்காற்றோடு இறால் வடை, பம்பலப்பிட்டியில் சைவக்கடைத் தோசை. (வீட்டில் இல்லாத தோசையா என்று கேட்கக்கூடாது!)

1990 ஜூனில் ரயில் நின்றது. அதன்பின் நாங்கள் கொழும்பு சென்றது கடவுச்சீட்டுக்கும் விசாவுக்குமே. 1994இல் நானும் மனைவியும் அயல்வீட்டுத் தம்பதியரோடு இரவில் கிளாலிக் கடலைப் படகிற் கடந்து, வெள்ளவத்தை லொட்ஜ் ஒன்றில் வாரக்கணக்கில் காத்திருந்தோம். காலிமுகத்திடல் பக்கமே போகவில்லை. அடையாள அட்டையில் பிறப்பிடம் யாழ்ப்பாணம் என்றிருந்தால் மாலை உலா பொலிஸ் நிலையத்திலும் முடியலாம். அவர்களுக்குக் கனடா விசா கிடைத்தது. நாங்கள் ஊர் திரும்பினோம்.

யாழ்தேவி மீண்டும் யாழ்ப்பாணம் வந்தது 2014 ஒக்டோபர் 13இல். மறு ஆண்டு, ரொறன்ரோவிலிருந்து வந்த அவர்களோடு அதிலேறிப் போய், நால்வரும் முதன்முறையாகக் கொழும்பு பார்த்தோம்.