கசப்புக்கு யார் அளவு வைத்தது? நீலகிரிக் கொய்னாவின் கதை

பால்கோவா ஊரில் உட்கார்ந்துகொண்டு கசப்பைப் பற்றி எழுதுவது கொஞ்சம் வேடிக்கைதான். ஆனா டெங்கு சீசன் வந்துட்டா ஸ்ரீவில்லிபுத்தூரிலும் நிலவேம்புக் குடிநீர் டம்ளரை நீட்டத்தான் செய்வாங்க. ஒரு மடக்கு குடித்தவர் மூஞ்சியைப் பார்த்தாலே எவ்வளவு கசப்புன்னு தெரிஞ்சுடும். அந்த 'எவ்வளவு' என்பதை ஆய்வுக்கூடத்தில் எப்படி எண்ணாக்குகிறார்கள் என்று தேடப்போய், நீலகிரியில் போய் நின்றேன்.

மூலிகைகளின் கசப்பை அளக்க உலக சுகாதார நிறுவனம் 1998-இல் வெளியிட்ட கையேடு சொல்லும் கருவி, நம்ம நாக்குதான். நாக்குக்கு நாக்கு வித்தியாசம் உண்டே? அதனால் முதலில் குயினைன் ஹைட்ரோகுளோரைடைத் தண்ணீரில் கரைத்து, பல அளவுகளில் நீர்க்கவைத்துத் தருவார்கள். 10 மில்லியை வாயில் வைத்து 30 வினாடி சுழற்ற வேண்டும். எந்தக் குழாயில் கசப்பு முதலில் தட்டுப்படுகிறதோ, அதுதான் அந்த நாக்கின் அளவு. அதன் பிறகு மூலிகைச் சாற்றை அதே மாதிரி ருசித்து, இரண்டையும் ஒப்பிட்டுக் கணக்குப் போடுவார்கள். அதாவது கசப்பின் படிக்கல் குயினைன். நம்ம தாத்தா பாட்டிகள் 'கொய்னா' என்று சொன்ன அதே சரக்கு.

தென்னமெரிக்காவின் சின்கோனா மரப்பட்டையிலிருந்து குயினைனை 1820-இல் பாரிஸில் பெல்லெத்தியேவும் காவந்துவும் பிரித்தெடுத்தார்கள். 1860-இல் கிளெமென்ட்ஸ் மார்க்கம் அந்தச் செடிகளை ஊட்டிக்குக் கொண்டுவந்தார். மெக்ஐவர் வளர்த்தார். ஆனால் நீலகிரியில் நன்றாக வந்த சிவப்புப் பட்டை மரத்தில் ஒரு சிக்கல். மொத்த ஆல்கலாய்டு நிறைய, அதில் குயினைன் பங்கு குறைவு. மீதியெல்லாம் அதன் பங்காளிகள்: குயினிடின், சின்கோனின், சின்கோனிடின்.

நாலுமே கசக்கும். அப்ப எதை எதுன்னு எப்படிச் சொல்றது? இங்கேதான் வேதியியலின் அழகு. நீர்த்த கந்தக அமிலத்தில் கரைத்தால் குயினைனும் குயினிடினும் நீலமாக ஒளிரும், மற்ற இரண்டும் ஒளிராது. முனைவாக்கிய ஒளியைச் செலுத்தினால் குயினைனும் சின்கோனிடினும் அதை இடப்பக்கம் திருப்பும், மற்ற இரண்டும் வலப்பக்கம். இரண்டு சோதனையையும் சேர்த்துப் பார்த்தால் நாலு பேரும் தனித்தனியாக மாட்டிக்கொள்வார்கள். தூய சரக்காக இருந்தால்தான் இவ்வளவு சுலபம். பட்டையில் எல்லாம் கலந்தல்லவா கிடக்கிறது! அதைப் பிரித்து எடை போடவே 1866-இல் ஜான் பிராட்டன் என்பவரை ஊட்டிக்கு அனுப்பினார்கள். பதவியின் பெயரே 'அரசு குயினாலஜிஸ்ட்'.

அதே 1866-இல் சென்னை ராஜதானி ஒரு மருத்துவக் குழு அமைத்து, நாலு ஆல்கலாய்டையும் காய்ச்சல்காரர்களுக்குத் தனித்தனியாகக் கொடுத்துப் பார்த்தது. மொத்தம் 2,472 பேர். குணமாகாதவர்கள் 27 பேர்தான். ஆயிரத்துக்குக் கணக்கிட்டால் தோல்வி குயினிடினில் 6, குயினைனில் 7, சின்கோனிடினில் 10, சின்கோனினில் 23. மலேரியாக் கிருமியை லவெரான் கண்டுபிடித்ததே 1880-இல்தான். எனவே காய்ச்சல் விட்டால் குணம் என்றுதான் எழுதியிருப்பார்கள். தானாகவே விட்ட காய்ச்சலும் இதில் உண்டு. இருந்தாலும் சேதி தெளிவு: தூக்கி எறிய நினைத்த பங்காளிகளும் காய்ச்சலை இறக்குகிறார்கள். இது சாதாரண விஷயமில்லை. குயினைன் ஏழைக்கு எட்டாத விலை. நீலகிரிப் பட்டையில் மலிவாகக் கிடைப்பதோ மற்றவைதான்.

பிராட்டன் எல்லாவற்றையும் சேர்த்து ஒரு கலவை மருந்து செய்தார். செலவு கட்டவில்லை என்று அது நின்றுபோனது. வங்காளத்தில் மங்பூ தொழிற்சாலை 'சின்கோனா பெப்ரிப்யூஜ்' என்ற மலிவான கலவையை விற்றது. அதற்கு வேறொரு சங்கடம்: பட்டை மாறினால் கலவையும் மாறும். இன்றைய பொட்டலமும் அடுத்த மாதப் பொட்டலமும் ஒன்றல்ல என்றால் டாக்டர் எதை நம்பி அளவு சொல்வார்? தூய குயினைனுக்கு அந்தத் தொல்லையில்லை. அது ஜெயித்ததற்கு இதுவும் ஒரு காரணம் என்பது என் கணிப்பு. நன்றாக வேலை செய்தது மட்டுமில்லை, சோதித்துச் சான்று கொடுக்கவும் அது சுலபம்.

கலவைக்கும் அளவு வைக்கலாம் என்று உலகம் ஒத்துக்கொள்ள 1930-கள் வரை ஆனது. சர்வதேச சங்கத்தின் மலேரியா ஆணையம் 'டோட்டாகுயினா' என்று பெயர் வைத்து, படிகமாகும் ஆல்கலாய்டுகள் 70 சதவீதத்துக்குக் குறையக்கூடாது என்று வரம்பு கட்டியது. சென்னைக் குழுவின் அறிக்கை வந்தது 1868-இல்! அறுபது வருஷத்துக்கு மேல். நடுவில் எத்தனை காய்ச்சல் சாவு என்று யோசித்தால் எழுத ஓடவில்லை.

இதே வழக்கு இன்றும் வேறு பெயரில் நடக்கிறது. பீருக்குக் கசப்பு தரும் ஹாப்ஸ் பூவிலும் பல அமிலங்கள் கலந்திருக்கின்றன. 275 நானோமீட்டர் ஒளியில் மொத்தமாக ஒரு எண்ணும் எடுக்கலாம், ஒவ்வொன்றையும் பிரித்தும் அளக்கலாம். பிரித்து அளக்க, அளவு தெரிந்த ஒப்பீட்டுச் சாறு கையில் வேண்டும். நம்ம நிலவேம்புக் குடிநீரில் ஒன்பது சரக்கு. ஆய்வுக்கூடம் பெரும்பாலும் தேடுவது நிலவேம்பின் ஆண்ட்ரோகிராபோலைடு ஒன்றை. அதற்குத் தூய மாதிரி பாட்டிலில் கிடைக்கிறது. மற்ற எட்டும் என்ன செய்கின்றன என்று அந்த எண் சொல்லாது.

1942-இல் ஜப்பான் ஜாவாவைப் பிடித்தபோது உலகக் குயினைனில் பெரும்பகுதி ஒரே நாளில் கைவிட்டுப் போனது. அப்போது டோட்டாகுயினாவைத் தேடி ஓடினார்கள். போருக்குப் பின் குளோரோகுயின் வந்து எல்லாவற்றையும் ஓரங்கட்டியது. வால்பாறைக்கு மேலே 'சின்கோனா' என்றே ஒரு ஊர் இருக்கிறது. இப்போது அங்கே தேயிலைதான்.