சிறு பாவை உணர்த்திய உண்மை

நெருப்பிலிட்ட பொருளுக்கு வெப்பம் வெளியிலிருந்து உள்ளே செல்கின்றது. மின்காந்த அலையோ பொருளினுள்ளே புகுந்து, அங்குள்ள நீரையும் உப்பையும் அசைத்து, உள்ளேயே வெப்பத்தைப் பிறப்பிக்கின்றது. அவ்வெப்பம் எங்கு மிகும், எங்கு குறையும் என்பதை வெளியில் நின்று அறிதல் எளிதன்று. சூடேறும் பொருள் மனித உடலாயின், அதனைச் சோதனைக்கு உட்படுத்துதலும் தகாது.

இரண்டாம் உலகப் போரில் ராடார்க் கருவிகள் பெருகியபின், இவ்வினா அமெரிக்காவில் வலுப்பெற்றது. வலிமிக்க அலைகளின் அருகே பணியாற்றுவோர் எவ்வளவு அலையைத் தீங்கின்றித் தாங்குவர்? 1953 ஆம் ஆண்டில் ஹேர்மன் ஷ்வான் என்னும் அறிஞர், சதுர சென்ரிமீற்றருக்கு 10 மில்லிவாற்று என்னும் எல்லையை முன்மொழிந்தார். 1966 இல் அதுவே அமெரிக்க நியமமாயிற்று. நீண்ட அலைக்கும் குறுகிய அலைக்கும் ஓர் எல்லையே விதிக்கப்பட்டது. அது போதுமானதா?

விடை காணத் துணைநின்றவை சிறு மாதிரியுருக்கள். அவற்றுக்குரிய விதியை 1948 இல் ஜோர்ஜ் சிங்கிளேயர் என்பார் தெளிவுற வகுத்திருந்தார். உருவத்தைப் பத்தில் ஒன்றாகச் சிறுக்கினால், அலை செக்கனுக்கு எத்தனை முறை அதிர்கின்றதென்னும் மீடிறனைப் பத்து மடங்காக்குதல் வேண்டும்; பொருளின் மின்கடத்துதிறனையும் பத்து மடங்காக்குதல் வேண்டும். அங்ஙனம் செய்யின், பாவையில் அலை எவ்விடத்தில் மிகுதியாக உறிஞ்சப்படுகின்றதோ, மனித உடலிலும் அவ்விடத்திலேயே மிகுதியாக உறிஞ்சப்படும்.

வாஷிங்டன் பல்கலைக்கழகத்து ஆதர் கை என்னும் ஆய்வாளர் நீர், உப்பு, பொலித்தீன் தூள் ஆகியவற்றைக் கூழாக்கித் தசைக்கு நிகரான பண்டத்தை அமைத்தார். பாவை இரு கூறாகப் பிரியக்கூடியது. வலிய அலையைச் சிறிது நேரம் பாய்ச்சி, வெப்பம் பரவுமுன் கூறுகளைப் பிரித்து, உட்புறத்தை வெப்பப் படக்கருவியால் நோக்குவதே அவர் கையாண்ட முறை. 1971 இல் இம்முறையை வெளியிட்ட அவர், 1976 இல் சிறுக்கப்பட்ட மனிதப் பாவைகளின் ஆய்வுமுடிவுகளைத் தம் உடனாய்வாளருடன் வெளியிட்டார். யூட்டாப் பல்கலைக்கழகத்தில் ஓம் காந்தி என்பாரும் சிறு பாவைகளைக் கொண்டு ஆராய்ந்தார்.

இவ்வாய்வுகளால் புலனான உண்மை யாது? அலையின் மின்புலம் உடலின் நீளவாக்கில் அமைந்து, உடலின் உயரம் அலைநீளத்தில் ஏறத்தாழ ஐந்தில் இரண்டு பங்காகுமாயின், உடல் அலையை மிக அதிகமாக உறிஞ்சுகின்றது. 1.75 மீற்றர் உயரமுள்ளவருக்கு அம்மீடிறன் செக்கனுக்கு ஏறத்தாழ 7 கோடி அதிர்வு. உயரம் குறைந்த குழந்தைக்கு அது இன்னும் அதிகம். ஆகவே, ஓரலை தீங்கற்றதா என்பதை அதன் வலிமை மட்டும் தீர்மானிப்பதில்லை. அதனை ஏற்கும் உடலின் அளவும் தீர்மானிக்கின்றது.

1982 இல் அமெரிக்க நியமம் திருத்தப்பட்டது. செக்கனுக்கு 3 கோடி முதல் 30 கோடி வரை அதிரும் அலைகளுக்கு எல்லை 1 மில்லிவாற்றாகக் குறைந்தது. பின்னர் கணினிகள் பாவைகளின் பணியிற் பெரும்பகுதியை ஏற்றன. எனினும், ஒரே எல்லை எல்லா அலைகளுக்கும் பொருந்தாதென்பதை, எந்த மனிதரையும் சுடாமல் கண்கூடாகக் காட்டிய பெருமை அச்சிறு பாவைகளுக்கு உரியது.